குப்பை டிராக்டரில் போன வரவேற்புரை

புதிதாக நகரசபைக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதாவது வாழ்த்துச் செய்தி வரும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்கு இப்போது வாழ்த்துகிற மனநிலை இல்லை. பதவியேற்ற சூடு ஆறுவதற்குள் உங்களில் ஒருவர் கழுத்து நிறைய மாலையோடு நிற்கும் தன் படத்தைச் சந்தைச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒட்டியிருக்கிறார். அந்தச் சுவருக்குக் கீழேதான் கழிவுநீர்க் கான் அடைபட்டு, மீன் கழுவிய தண்ணீர் தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறது. படத்தில் சிரிக்கிறவருக்கு மூக்கு என்று ஒன்று இல்லையா என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். அந்த ஆத்திரத்தோடேயே எழுதுகிறேன். ஆறவைத்து எழுதினால் பொய் எழுதிவிடுவேன்.

போர்க்காலத்தில் நானும் இதே துறைமுகக் கரையில் ஒரு சபைக்குத் தலைவராக இருந்தவன். பத்திரிகைக்காரர்கள் நகரபிதா என்று எழுதுவார்கள். காலையில் பாலர் பாடசாலை விளையாட்டுப் போட்டி, மத்தியானம் ஒரு செத்தவீடு, பின்னேரம் பரிசளிப்பு விழா. சல்லி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனால் காளாஞ்சி தந்து மரியாதை செய்வார்கள். பள்ளிவாசல் கந்தூரிக்குப் போனால் கையைப் பிடித்து இருத்திச் சோறு போடுவார்கள். இதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊர் கூப்பிட்டால் போகத்தான் வேண்டும். ஆனால் அந்த வருடங்களில் தலைவருடைய மெய்யான வேலை இராணுவ முகாம் வாசலில் நிற்பது. ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனால் அதன் தாய் முதலில் என் வீட்டுப் படலையைத்தான் தட்டுவாள்.

எனக்கு முன்னர் அந்தக் கதிரையில் இருந்தவர் பொறுப்பைக் கையளிக்கும்போது எனக்குச் சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்றுதான். "தம்பி, முகாமில தேத்தண்ணி தருவாங்கள். ஆள் வெளியில வந்தாப் பிறகு குடியும். முதலே குடிச்சீரெண்டால், வந்த கதை முடிஞ்சுதெண்டு எடுத்துப்போடுவாங்கள். எழும்பிக் கைகுடுத்து அனுப்பிப்போடுவாங்கள்." கேட்டபோது சிரித்தேன். தேத்தண்ணி தந்தால் மறுப்பது மரியாதை இல்லை என்று வளர்க்கப்பட்ட எங்கள் ஆட்கள் எத்தனை பேர் அந்தக் கோப்பையோடு ஏமாந்து திரும்பியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மைதானத்தில் ஒரு பார்வையாளர் மண்டபம் கட்டி முடித்திருந்தோம். அதைத் திறந்துவைக்கக் கொழும்பிலிருந்து ஒரு அரசாங்கப் பெரியவர் வருவதாக ஏற்பாடு. வரவேற்புரை என்னுடையது. மேடைக்குப் பின்னால் ஓடும் கான் நாறுகிறது, பெரியவர் வருவதற்குள் அதைத் துப்பரவாக்க வேண்டும் என்று மேலிடத்து அதிகாரி ஒருவர் முதல்நாள் போன் எடுத்தார். விடியும்வரை ஊரடங்கு இருக்கிறதே, என்ர ஆட்கள் எப்படி வெளியில் இறங்குவது என்று கேட்டேன். "முகாமுக்குச் சொல்லியாச்சு, நீங்கள் அனுப்புங்கோ" என்றார்.

சொல்லியாச்சு! இந்தச் சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உத்தியோகத்தில் இருக்கிறவர்கள் வாயில் இது சர்வசாதாரணமாக வரும். யாருக்குச் சொன்னீர்கள், எப்போது சொன்னீர்கள், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று மூன்றையும் கேட்காமல் ஒரு தொழிலாளியையும் தெருவில் இறக்காதீர்கள். அந்த அதிகாரி ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்ல நினைத்தாராம், மறந்துபோனாராம். அவருக்கு அது மறதி. ராசுவுக்கு அது என்னவாக முடிந்தது என்பதைக் கேளுங்கள்.

ராசு எங்கள் சபையின் சுகாதாரத் தொழிலாளி. கல்யாணமாகி வருடம் திரும்பாத பையன். டிராக்டர் நுழைய முடியாத ஒழுங்கைகளில் கான்சேற்றை அள்ளித் தகரங்களில் நிரப்பி, ஒரு தடியின் இரண்டு முனையிலும் கட்டித் தோளில் காவிக்கொண்டு வரவேண்டும். காவுதடி என்போம். சேறு நிறைந்த தகரங்களின் பாரம் எப்படி இருக்கும் என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. நாளும் பொழுதும் அதைக் காவினவனின் தோள் காய்த்துத் தடித்துப் போயிருந்தது.

அந்தக் காலத்துச் சோதனைகளில் இளைஞர்களின் சட்டையைக் கழற்றித் தோளைப் பார்ப்பார்கள். துவக்குத் தூக்கிச் சுட்டுப் பழகினவனின் தோளில் அடையாளம் இருக்குமாம். விடியற்புறம் மேடைக்குப் பின்னால் சேறு அள்ளிக்கொண்டு நின்றவர்களை ரோந்து வந்தவர்கள் வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். மற்றவர்கள் வயசாளிகள் என்று விட்டுவிட்டார்கள். ராசுவின் அடையாள அட்டை சரியாக இருந்தது. தோள்தான் அவர்களுக்குச் சரியாகப் படவில்லை. ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் விழாவுக்கு வெள்ளை வேட்டி உடுத்துக்கொண்டு நின்றபோது ராசுவின் மனைவி பார்வதி படலையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். காலில் செருப்பு இல்லை. அழவும் இல்லை.

"ஐயா, உங்கட மைதானத்தைத் துப்பரவாக்கப் போனவரைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். மத்தியானத்துக்குப் பிறகு வேற இடத்துக்கு ஏத்தப் போறாங்களாம். அங்க போனால் ஆரைப் போய்க் கேக்கிறது?"

அவள் சொன்னது எனக்கு விளங்கியது. இந்த முகாமில் இருக்கும்வரை கேட்க ஒரு வாசல் உண்டு. கைமாறிப் போனால் அப்படி ஒரு ஆளே எங்களிடம் இல்லை என்பார்கள். அப்படிப் போன பிள்ளைகளின் படங்களை வைத்துக்கொண்டு திரியாயிலிருந்தும் மூதூரிலிருந்தும் வந்து என் விறாந்தையில் குந்தியிருந்த தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன்.

"நான் போறன் பிள்ளை" என்றேன்.

"போங்கோ ஐயா. ஆனால் ஒண்டு. ஊரறிய அவற்ர பேரைச் சொல்லிப் போடாதேங்கோ. இண்டைக்கு விட்டாலும் நாளைக்கு அந்தப் பேரைத் தேடி வருவாங்கள்."

சபைச் செயலாளர் என் பக்கத்தில் நின்றார். நல்ல மனிதர். ஆனால் சத்தமாக ஒரு கதவு சாத்தினாலும் வியர்த்துப்போவார். "ஐயா, அவசரப்படாதேங்கோ. விழா முடியட்டும். சாப்பாட்டுக்கு இருக்கேக்க பெரியவரிட்ட காதுக்குள்ள மெல்லச் சொல்லுவம். அவர் ஒரு சொல் சொன்னால் காரியம் முடிஞ்சுது. இப்ப நீங்கள் முகாமுக்குப் போய், விழாவுக்கு வரப் பிந்தினால் எல்லாம் குழம்பிப்போகும்" என்றார்.

கேட்கிறபோது இது புத்திசாலித்தனமான யோசனைதான். இங்கேதான் நீங்கள் எல்லோரும் வழுக்குவீர்கள். மாலை போட்டுச் சோறு போட்டுக் குழையடித்துக் கேட்டால் பெரியவர்கள் மனம் இரங்குவார்கள் என்று நினைப்பீர்கள். அவர் சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்தில் ராசு எந்த வாகனத்தில் எந்தத் தெருவில் போய்க்கொண்டிருப்பான்? ஆள் இருக்கும் வாசலுக்குப் போகாமல், ஆளை அறியாதவனின் காதுக்குப் பின்னால் அலைகிற பழக்கத்தை விடுங்கள். நான் செயலாளரிடம் ஜீப்பை எடுக்கச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்தார். ஜீப்பைப் பெரியவரின் வாகன வரிசையில் சேர்ப்பதற்கென்று முதல்நாளே வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

மிஞ்சியிருந்தது குப்பை அள்ளும் டிராக்டர். ஓட்டுகிறவர் கிண்ணியாவைச் சேர்ந்த காசிம் நானா. கொழும்பில் லொறி ஓடிப் பழகிய சிங்களம் அவருக்கு நல்லாகப் பேச வரும். "ஏறுங்க தலைவர், வேட்டி அழுக்குப்பட்டா தோய்க்கலாம்" என்றார். மட்கார்டில் ஏறி உட்கார்ந்தேன். பின்பெட்டியில் பழைய குப்பையும், ராசு போட்டுவிட்டுப் போன காவுதடியும் தகரங்களும் கிடந்தன. பெரியவரை வரவேற்கத் தெரு முழுக்கத் தோரணம் கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே நாங்கள் நாறிக்கொண்டு போனோம்.

முகாம் வாசலில் காவலுக்கு நின்றவன் எங்களைப் பார்த்ததும் குப்பை அள்ள வந்திருக்கிறோம் என்று நினைத்துப் பின்வாசலுக்குக் கையைக் காட்டினான். காசிம் நானா இறங்கிப் போய் நான் யாரென்றும் எதற்கு வந்தேன் என்றும் சொன்னார். அவன் என் வேட்டியைப் பார்த்தான், டிராக்டரைப் பார்த்தான், நம்பவில்லை. வெயிலில் நிற்கவைத்தார்கள். கடைசியில் ஒரு இளம் அதிகாரி வாசலடிக்கு வந்தார். முகத்தில் கடுமை ஒன்றும் இல்லை. உள்ளே வந்து இருங்கள் என்று காவலறையில் கதிரை போடச் சொன்னார். பின்னாலேயே பால் விட்ட தேத்தண்ணியும் வந்தது. விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவன் நான். தொண்டை காய்ந்துபோயிருந்தது. கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"உங்களுடைய ஆளின் தோளில் தழும்பு இருக்கிறது. அது எப்படி வரும் என்று எங்களுக்குத் தெரியும்" என்று அதிகாரி சொன்னதாகக் காசிம் நானா எனக்குச் சொன்னார்.

"அது எப்பிடி வந்ததெண்டு எனக்கும் தெரியும். அவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கோ, காட்டுறன்" என்றேன்.

காசிம் நானா பெட்டியிலிருந்து காவுதடியையும் தகரத்தையும் எடுத்து வந்தார். காவல்காரன் துவக்கை நீட்டினான். தடி ஆயுதமாம், உள்ளே கொண்டுவர ஏலாதாம். சேறு காய்ந்து ஒட்டியிருந்த அந்தத் தடிக்கு இரண்டு துவக்குக்காரர்கள் காவல். சிரிக்கவும் முடியவில்லை, காறித் துப்பவும் முடியவில்லை. அதிகாரிக்கே வெட்கமாகிவிட்டது போலும். கைகாட்டி விடச் சொன்னார்.

ராசுவைக் கொண்டுவந்தார்கள். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நடந்தான். வாய் வீங்கியிருந்தது. சட்டை இல்லை. அந்தத் தோளைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. தழும்பு இருந்த இடத்திலேயே பார்த்து அடித்திருக்கிறார்கள்.

காட்டாமல் விட்டால் விடமாட்டார்கள். காட்டினால் அவனுக்கு உயிர் போகும். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். "வையுங்கோ ஐயா" என்றான். காசிம் நானா வெறும் தடியை மட்டும் மெல்லத் தூக்கி அந்தத் தோளில் வைத்தார். அளவெடுத்துச் செய்த மாதிரி அது தழும்புக்குள் போய் இருந்தது. ராசு கத்தின சத்தத்துக்கு உள்ளேயிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். உடனே எடுத்துவிட்டோம். அதிகாரி அந்தத் தடியையும் தோளையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு சொன்னார். "சரி. பின்னேரம் விட்டுவிடுகிறேன். நீங்கள் போய் விழாவைக் கவனியுங்கள். தேநீர் ஆறுகிறது, குடியுங்கள்."

பின்னேரம்! பார்வதி சொன்ன மத்தியானம் என் காதில் நின்றது. இந்த மனிதர் உண்மையாகவே சொல்லியிருக்கலாம். அவருக்கு மேலே ஒருவர் இருப்பார், அவருக்கு மேலே இன்னொருவர் இருப்பார். இடையில் ஒருவன் 'சொல்லியாச்சு' என்பான். என்னிடம் அந்த நேரத்தில் அதிகாரம் என்று எதுவும் இருக்கவில்லை. படை இல்லை, பணம் இல்லை, கட்சியில் செல்வாக்கும் இல்லை. மேடையில் எனக்கென்று போட்ட கதிரை ஒன்றுதான் இருந்தது. அது காலியாகக் கிடந்தால் பெரியவர் கேட்பார். அந்த ஒன்றைத்தான் பிடித்தேன்.

"நானா, இப்பிடிச் சொல்லுங்கோ. நான் இந்த வாசலிலேயே இருக்கிறன். வரவேற்புரை என்ர. தலைவர் எங்கயெண்டு பெரியவர் கேட்டால், உங்கட முகாம் வாசலில குப்பை டிராக்டரில குந்திக்கொண்டிருக்கிறாரெண்டு சொல்லச் சொல்லுங்கோ. ஆள் என்னோட வந்தால் நான் மேடைக்கு வருவன். வராட்டி இல்லை."

காசிம் நானா என்னை ஒருமுறை பார்த்தார். "தலைவர், நம்மளையும் சேத்து உள்ளுக்குப் போட்டா என்ன செய்யிற?" என்றார். சொல்லிவிட்டு, ஒரு சொல் குறையாமல் அதிகாரியிடம் சிங்களத்தில் சொன்னார்.

நான் எழுந்து போய் டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்தேன். பெரியவரின் வாகனங்கள் நகரத்துக்குள் வந்துவிட்டதை அறிவிக்கும் சைரன் கேட்டது. அதிகாரி உள்ளே போய் யாருடனோ போனில் கதைத்தார். திரும்பி வந்தபோது முகம் இறுகியிருந்தது. கையால் மட்டும் காட்டினார், கொண்டுபோ என்று. ராசுவைத் தூக்கிப் பெட்டியில் இருத்தினோம். தேத்தண்ணி கதிரைக்குப் பக்கத்தில் ஆடை படிந்து கிடந்தது. அதைக் குடிக்க எனக்கு மனம் வரவில்லை.

ராசுவை ஆஸ்பத்திரியில் இறக்கினோம். தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கிறது என்றார் டொக்டர். காசிம் நானாவை அவனோடு விட்டுவிட்டு நான் மைதானத்துக்கு நடந்தேன். இரண்டுக்கும் இடையில் ஒரு தெருதான். மேடையில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். செயலாளர் ஓடிவந்து என் கையில் மாலையைத் திணித்தார். நான் போய் அதைப் பெரியவர் கழுத்தில் போட்டேன். என்னில் அடித்த நாற்றத்துக்கு அவர் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார்.

வரவேற்புரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மைக்குக்கு முன்னால் நின்றபோது ராசு என்ற பெயர் தொண்டைவரை வந்துவிட்டது. கத்திச் சொல்லிவிட்டுச் செத்தாலும் பரவாயில்லை போல இருந்தது. பார்வதி கேட்டது நினைவுக்கு வர, அடக்கிக்கொண்டேன். பிள்ளைகளே, இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மேடையில் ஆத்திரப்படுவது நீங்கள், அதற்கு அடி வாங்குவது வேறொருவன். ஆத்திரப்படுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் யாருடைய உடம்பை வைத்துப் படுகிறோம் என்று பார்த்துவிட்டுப் படுங்கள்.

நான் இவ்வளவும்தான் சொன்னேன். "நீங்கள் இருக்கிற இந்த இடத்தை விடியற்காலையில கூட்டித் துப்பரவாக்கினது எங்கட சபைத் தொழிலாளி ஒருவர். அந்த வேலை செய்ததால வந்த தழும்பைக் குற்றமெண்டு சொல்லி அடிச்சுப் போட்டினம். அவர் இப்ப ஆஸ்பத்திரியில கிடக்கிறார். இதுக்கு மேல வரவேற்க என்னால ஏலாது."

மொழிபெயர்க்க நிறுத்தியிருந்த உத்தியோகத்தர் என்னைப் பார்க்கவில்லை. மைக்கைத் தன் பக்கம் திருப்பி, மலர்ந்த முகத்தோடு சிங்களத்தில் சொன்னார். எங்கள் நகர மக்கள் சார்பில் தலைவர் உங்களை மனமார வரவேற்கிறார் என்றார். பெரியவர் சிரித்துக்கொண்டு கைதட்டினார். அவர் தட்டியதைப் பார்த்து முன்வரிசை முழுவதும் தட்டியது. அந்த வரிசையில் தமிழ் விளங்கியவர்களும் இருந்தார்கள். எனக்கு அவர்களை இன்றைக்கும் தெரியும். அவர்களும் தட்டினார்கள்.

எனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில் நானே திரும்பச் சொல்லத் தொடங்கினேன். முதல் வசனம் முடிவதற்குள் யாரோ மைக்கை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தினாலும் பெரியவர் இரண்டு முழம் தள்ளித்தான் இருந்தார். அவருக்குக் கேட்கும்படி முழுவதையும் சொல்லி முடித்தேன். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டு தன் செயலாளரிடம் நேரம் என்ன என்று கேட்டார். நான் மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டேன். அதற்குப் பிறகு சபைக்கு வரவேண்டிய எரிபொருளிலிருந்து என் பதவிவரை எல்லாவற்றிலும் கைவைத்துப் பார்த்தார்கள். அந்தக் கதை இங்கே தேவையில்லை.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். விழாவுக்கென்று தெரு நீளத்துக்கு ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். வார்ட்டுக்கு வெளியே கிடந்த நீள வாங்கில் பார்வதி உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பினாள்.

"பேரைச் சொல்லயில்லை என்ன?"

"இல்லை பிள்ளை."

"ஓம், கேட்டனான். நீங்கள் கதைச்சது முழுக்க இஞ்ச கேட்டது. அவரும் படுத்திருந்து கேட்டவர்." வார்ட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "அது முடியத்தானே கை தட்டினவை. நல்லாச் சத்தமாத் தட்டினவை. எதுக்கு ஐயா தட்டினவை?"

"பெரியவரோட வந்தவைக்குத் தமிழ் விளங்காது பிள்ளை. நான் சொன்னது அவைக்கு விளங்கயில்லை."

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"விளங்கினவையும் அங்க இருந்தவைதானே ஐயா. அவை எதுக்குத் தட்டினவை?"